வெள்ளிக்கிழமை வந்த குரல்

கோப்ரல் யுகேந்திரன் லெபனானுக்குப் போனது சண்டை போட அல்ல. ஐ.நா. அமைதிப்படையில் மலேசியா அனுப்பிய பட்டாளத்தோடு, தெற்கு லெபனானில் ஒரு மலைச்சரிவு முகாமில் கவச வண்டி ஓட்டப் போனான். வெள்ளை வண்டி, நீலத் தொப்பி, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே ரோந்து, ஊர்க்காரர்கள் நீட்டும் ஏலக்காய் காப்பி. ஒரு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றுதான் பிப்ரவரியில் கிளம்பினான். செப்டம்பர் கடைசியில் போர் முகாமின் வாசலுக்கே வந்துவிட்டது. எல்லைக்கு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள். நடுவில் மாட்டியவர்களுக்கு வந்த உத்தரவு ஒன்றுதான்: குழிக்குள் இரு.

அது காங்கிரீட் குழி. பதினேழு பேர் அதற்குள் ஒருவர் முதுகில் இன்னொருவர் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளியே எங்கோ குண்டு விழுந்தால் முதலில் உட்காருமிடம் அதிரும், பிறகுதான் சத்தம் வரும். பக்கத்தில் இருந்த ஹஃபீஸ் கண்ணை மூடிக்கொண்டு ஓதுவான். யுகேந்திரன் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டு லோஷினி பேசுவதைக் கேட்பான்.

லோஷினி மலேசியாவில், ஸ்கூடாயில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றுவதற்காக அங்கே போனவன், தனக்கும் கண் மங்கலாக இருக்கிறது என்று சொல்லிப் பரிசோதிக்க உட்கார்ந்தான். கடைசி வரிசையின் பொடி எழுத்துகளையும் பிசகில்லாமல் வாசித்துவிட்டான். "உங்களுக்குக் கண்ணாடி வேணாம், வேற என்னவோ வேணும்," என்று அவள் சிரிக்காமல் சொன்னாள். அங்கே ஆரம்பித்தது. வீட்டிலும் எல்லாருக்கும் தெரியும். லெபனானிலிருந்து வந்ததும் பரிசம் போடுவதாகப் பேச்சு.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் குரல் வரும். நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். முகாமில் சிக்னல் மத்தியானத்தில் அரைமணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த அரைமணியில் பதிவை இறக்கிவைத்துக்கொண்டு வாரம் முழுக்க அதையே கேட்பான். அவள் பெரிதாக எதுவும் சொல்லிவிடமாட்டாள். இங்கே ஒரே மழை, ஸ்கூடாய் ரோட்டில் ஒரே ஜாம், உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று. கடைசியில் தவறாமல் ஒரு வாக்கியம்: "பத்திரமா இரு யுகா, நான் இங்கதான் இருக்கேன்."

நடுவில் மற்ற நாட்களில் எழுத்தில் செய்தி வரும். "சாப்டியா", "தூங்கினியா", "நெனச்சுக்கிட்டே இருக்கேன்." அவனுக்கு அது போதும். சாவு வந்தாலும் வரட்டும், நம்மை நினைத்துக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள் என்ற எண்ணத்தில்தான் அவன் அந்தக் குழிக்குள் சோறு தின்றான், தூங்கினான், பல் துலக்கினான்.

அக்டோபரில் ஒருநாள் குண்டு முகாமின் சுற்றுச்சுவருக்கு மிகப் பக்கத்தில் விழுந்தது. விளக்கு அணைந்தது. வாய்க்குள் எல்லாம் சிமெண்டுத் தூள். வெளிச்சம் வந்தபோது யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் யுகேந்திரனின் கால்சட்டை நனைந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை மடியில் கவிழ்த்துக்கொண்டு, பாட்டில் உடைந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னான். உண்மையை லோஷினியிடம் மட்டும் சொன்னான். சிக்னல் கிடைத்ததும் போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "பயத்துல ஒண்ணுக்குப் போயிட்டேன் லோஷினி. அம்மா அம்மான்னு கத்தினேன்னு நெனைக்கிறேன். இங்க யாருக்கும் தெரியாது. நீயும் யாருகிட்டயும் சொல்லிடாதே," என்றான்.

அந்த வாரம் வந்த பதிவில் அவள் அழுதாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் வெறும் அழுகைதான். யுகேந்திரன் அதை எத்தனை தடவை கேட்டிருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

நவம்பர் கடைசியில் சண்டை நின்றது. ஜனவரியில் அவனுடைய அணியை நான்கு நாள் முன்கூட்டியே ஊருக்கு அனுப்பினார்கள். அவன் வீட்டுக்கும் சொல்லவில்லை, லோஷினிக்கும் சொல்லவில்லை. க்ளுவாங் முகாமில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஹஃபீஸின் பழைய மைவி காரை இரவல் வாங்கிக்கொண்டு நேரே ஸ்கூடாய்க்கு ஓட்டினான். பின்சீட்டில் பெய்ரூட்டில் வாங்கிய ஆலிவ் எண்ணெய் சோப்பு ஒரு டஜன் இருந்தது. லோஷினிக்கு சோப்பு வாசனை என்றால் உயிர்.

கடையில் அவளைக் காணோம். கல்லாவில் ஷாஃபிகா என்ற மலாய்ப்பெண் இருந்தாள். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. வெயிலில் கறுத்து, பத்து கிலோ இளைத்திருந்தான்.

"லோஷினி இல்லையா?" என்று மலாயில் கேட்டான்.

"லோஷினி அக்கா வேலைய விட்டு நின்னுட்டாங்களே, ஜூலைலயே. கல்யாணம் ஆயிடுச்சு. புருஷனோட மெர்சிங்குக்குப் போயிட்டாங்க." சொல்லிவிட்டு அன்பாகக் கேட்டாள், "அண்ணன் அவங்களுக்குச் சொந்தமா?"

"ஆமா," என்றான் யுகேந்திரன்.

காருக்குள் வந்து உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தான். போன வெள்ளிக்கிழமை வந்த பதிவு இருந்தது. ஸ்கூடாய் ஜாமைப் பற்றித்தான் அதிலும் பேசியிருந்தாள்.

அம்மா வீடு இருக்கும் பெக்கான் நானாஸ் வரைக்கும் எப்படி ஓட்டினான் என்பது அவன் நினைவில் இல்லை. ரோட்டோரம் அன்னாசி அடுக்கிவைத்த கடைகள் போனது மட்டும் தெரிந்தது. அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், அம்மா மடியில் விழுந்து அழ வேண்டும், அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

அம்மா காளியம்மா வீட்டுப் பக்கவாட்டில் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும் ஈரக்கையோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவன் முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சரிபார்ப்பவள்போல் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். சத்தம் கேட்டு அக்கா ஷர்மினியும் வெளியே வந்தாள். ஷர்மினி ஒரு தனியார் கிளினிக்கில் தாதி. அவளுடைய கணவர் சிங்கப்பூரில் வேலை. அதனால் அவள் அம்மாவோடேயே இருந்தாள்.

"அம்மா, லோஷினி..." என்று ஆரம்பித்தான்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"உள்ள வா தம்பி. மொதல்ல குளிச்சிட்டு வா," என்றாள் ஷர்மினி.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். ஷர்மினி எதிரே உட்கார்ந்தாள். என்றைக்காவது இந்த நாள் வரும் என்று தயாராக இருந்தவள்போல ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனாள். ஜூன் மாசம் லோஷினியே வீட்டுக்கு வந்து, எனக்கு வேற ஒருத்தரைப் பிடிச்சிருக்குக்கா, யுகன்கிட்ட சொல்லிடப் போறேன் என்றிருக்கிறாள். ஜூலையில் தம்பி லீவில் வருகிறான், நேரில் சொல்லிக்கொள் என்று ஷர்மினி தடுத்திருக்கிறாள். அங்கே நிலைமை மோசமாகி அவனுடைய லீவு ரத்தானது. ஆகஸ்டில் மெர்சிங் கோயிலில் லோஷினிக்குக் கல்யாணம். அடுத்த மாசமே போர்.

"அப்புறம் எப்படிடா சொல்றது? நீ துப்பாக்கிய மடியில வச்சிக்கிட்டுக் குழிக்குள்ள உட்கார்ந்திருக்கே. ஆபரேஷன் டேபிள்ல கிடக்கிறவன்கிட்ட கெட்ட சேதி சொல்லுவாங்களா? நாந்தான் அவ கைய புடிச்சுக் கேட்டேன். வாரத்துக்கு ஒரு தடவ பேசு, எந்தம்பி இறங்கி வர்ற வரைக்கும் பேசுன்னு. கல்யாண போட்டோவ எங்கயும் போடாதேன்னும் கேட்டேன். அவளும் போடல."

யுகேந்திரன் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"எழுத்துல வந்ததெல்லாம்?"

ஷர்மினி முதல் தடவையாகத் தயங்கினாள். அவள் டேப்லெட்டில் லோஷினியின் வாட்ஸாப்பை இணைத்து வைத்திருந்தார்கள். "அது பெரும்பாலும் நான்."

நெனச்சுக்கிட்டே இருக்கேன். அதை எழுதியது அக்கா. அதற்கு அவன் எழுதிய பதில்கள் ஒவ்வொன்றாக மனசில் வந்தன. காதலிக்கு மட்டுமே எழுதுகிற பதில்கள். அவன் காது மடல் கொதித்தது.

"அப்போ நான் அனுப்பின வாய்ஸ்?"

"கேட்டோம் தம்பி. வேற எப்படி நீ எப்படி இருக்கேன்னு எங்களுக்குத் தெரியும்? எங்ககிட்ட நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிருவே."

கேட்டோம் என்றாள். கேட்டேன் என்று சொல்லவில்லை. அவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். காளியம்மா அவன் தோளில் கை வைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னாள்.

"பயம் வந்தா யாருக்கா இருந்தாலும் அப்படித்தான்பா ஆகும். அதுல என்ன வெக்கம்."

யுகேந்திரன் எழுந்தான். அந்தக் குழியிலிருந்த பதினாறு பேருக்குத் தெரியாத ஒன்று, இந்த வீட்டுக் கூடத்தில், ஃபேன் சுற்ற, டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்கப்பட்டிருக்கிறது. அம்மா பின்னாலேயே வந்தாள். மீன்குழம்பு வைக்கிறேன், சாப்பிட்டுட்டுப் போ என்றாள். அவன் காரை எடுத்தான். கேட்டுக்கு வெளியே வண்டி திரும்பும்போது ஷர்மினி போனைக் காதில் வைத்திருந்தாள். யாருக்கு என்று அவனுக்குத் தெரியும்.

ஆயர் ஈத்தாமில் முன்பு கூடப் பணிபுரிந்த ஒருவனின் வீட்டில் படுத்திருந்துவிட்டு, மறுநாள் காலை மெர்சிங்குக்குப் போனான். கிழக்குக்கரையில் பருவமழைக்காலம். க்ளுவாங் தாண்டியதும் பிடித்த மழை மெர்சிங் வரைக்கும் விடவேயில்லை. தீவுகளுக்குப் படகு இல்லாததால் ஜெட்டி என்கிற படகுத்துறையில் ஆளில்லை. விலாசம் கேட்க ஷர்மினிக்கு ஒரு செய்தி அனுப்பினான். மறு நிமிஷம் பதில் வந்தது. இந்த ஒன்றையாவது சொந்தப் பெயரில் எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

கதவைத் திறந்தவன் சுகுமாறன். முப்பத்தைந்து வயசிருக்கும். ஜெட்டியில் தியோமான் தீவுப் படகுக்கு டிக்கெட் போடும் கடை வைத்திருந்தான். யுகேந்திரன் அடித்துவிடுவான் என்று எதிர்பார்த்தவன்போல் ஒரு நொடி நின்றான். பிறகு ஒதுங்கி, "வாங்க. மழையில நிக்காதீங்க," என்றான்.

லோஷினி நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கழுத்தில் தாலிக்கயிறு புதுசாக மஞ்சளாய்த் தெரிந்தது.

"எப்படி இருக்கீங்க?" என்றாள்.

நாலு வருஷமாக நீ என்று கூப்பிட்டவள். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ.

வழியெல்லாம் அவன் ஒரு கேள்வியைத்தான் உருட்டிக்கொண்டு வந்தான். அதற்கு ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. "வீட்டுல கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"நீங்க லெபனானுக்குப் பேரு குடுத்தத என்கிட்ட கேக்கல. கிளம்ப மூணு வாரம் இருக்கும்போதுதான் சொன்னீங்க. அதுக்கு முந்தி சபாவுக்கு மாத்தலாகி ஒன்றரை வருஷம். அப்பவும் சும்மா சொன்னீங்க, கேக்கல. கோவத்துல இத செய்யல. என்னால காத்துக்கிட்டே இருக்க முடியல. எங்கூடப் பொறந்த அக்கா வீட்டுக்கு இங்க வந்தப்போ இவரப் பாத்தேன். புடிச்சிருந்துச்சு. அதான் நடந்தது."

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்," என்றாள். "ஜூன்லயே உங்களுக்கு ஒரு மெசேஜ் எழுதி வச்சிருந்தேன். அனுப்பாம விட்டது என் தப்புதான். ஷர்மினி அக்கா சொன்னாங்கன்னு அவங்க மேல போட மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை எங்க இருந்து பேசினே?"

"கார்ல இருந்து. ஜெட்டி பக்கத்துல நிறுத்திட்டு."

"இவருக்குத் தெரியாமலா?"

பதில் சுகுமாறனிடமிருந்து வந்தது. "நாந்தான் ஓட்டிட்டுப் போவேன். அவ பேசி முடிக்கிற வரைக்கும் வெளிய நிப்பேன்." யுகேந்திரன் உட்கார ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டான். "எனக்குப் பிடிக்கல. அவகிட்டயும் சொன்னேன். ஆனா குண்டுக்கு அடியில கிடக்கிற மனுஷன்கிட்ட போயி நான் என்ன பேசுறது? நீங்க நல்லபடியா வரணும்னுதான் நானும் வேண்டிக்கிட்டேன்."

யுகேந்திரனுக்கு அதுதான் தாங்கவில்லை. ஏமாற்றியவன் சிரித்திருந்தால் கழுத்தைப் பிடிக்கலாம். இவன் மழையில் நின்று தன் பெண்டாட்டி இன்னொருவனிடம் கொஞ்சிப் பேசுவதைப் பொறுத்திருக்கிறான். எல்லாருமாகச் சேர்ந்து அவனுக்குப் பிச்சை போட்டிருக்கிறார்கள். அதைக் காதல் என்று நினைத்து அவன் பதினேழு பேர் நடுவே பொத்திப் பொத்தி வைத்துத் தின்றிருக்கிறான்.

"அதுல எது நெசம்?" என்றான்.

பொய் சொல்லக் கூடாது என்று யோசிப்பது லோஷினியின் முகத்தில் தெரிந்தது.

"அக்டோபர்ல அழுதேனே, அது நெசம். மத்ததுல பாதி அக்கா சொல்லிக் குடுத்தது. மீதி நானா சேத்துக்கிட்டது. ஸ்கூடாய் ஜாம், கடை, அதெல்லாம்."

"நான் பேசினத அழிச்சிடு. என் கண்ணு முன்னாடி."

அவள் போனை எடுத்து வந்து அவனுக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்து அழித்தாள். நாலு வருஷத்துப் பேச்சும் ஒரே தொடலில் போனது.

"உங்ககிட்ட இருக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அது எனக்கு வந்தது," என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

சுகுமாறன் வாசல்வரை குடை பிடித்துக்கொண்டு வந்தான். யுகேந்திரன் குடைக்கு வெளியே நனைந்தபடி காருக்குப் போனான்.

க்ளுவாங்குக்குத் திரும்பி, கார்ச்சாவியைக் கொடுத்தபோது ஹஃபீஸ் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, முகாமுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் மீகோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தான். பாதி சாப்பிட்டபின் யுகேந்திரன், "அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு," என்றான். ஹஃபீஸ் அவன் தட்டில் இன்னொரு முட்டையைத் தள்ளிவிட்டான். சோப்பு காரிலேயே கிடந்தது. ஹஃபீஸின் அம்மா அதைப் போட்டுக் குளிப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டான்.

மூன்று வாரம் அவன் வீட்டு அழைப்புகளை எடுக்கவில்லை. நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ஷர்மினி தூக்குச்சட்டியோடு முகாம் வாசலுக்கு வந்துவிட்டாள். பார்வையாளர் கொட்டகையில் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

"டேப்லெட்ல இருந்ததெல்லாம் எடுத்துட்டேன்," என்றாள்.

"ம்."

"அம்மா சரியா சாப்பிடறதில்ல."

"போன் பண்றேன்."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுக்கும் கோபம் இருந்தது. இத்தனை மாசம் பயந்து செத்தவள் அவளும்தான். "ஒண்ணு சொல்லு. நீ அங்கயே செத்துப் போயிருந்தா?"

"அவ எனக்காகக் காத்திருக்கான்னு நெனச்சுக்கிட்டே செத்திருப்பேன்."

"அது நல்லதுதானே?"

"செத்தவனுக்கு நல்லது. நான் பொழச்சு வந்துட்டேனே."

ஷர்மினி அழ ஆரம்பித்தாள். யுகேந்திரன் தடுக்கவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து, மீன்குழம்பைச் சோற்றில் ஊற்றி, அவள் அழுது முடிக்கும்வரை நிதானமாகச் சாப்பிட்டான். பிறகு சொன்னான்.

"நீ செஞ்சதுதான் என்ன உசுரோட கொண்டுவந்துச்சோ என்னவோ. அது எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அம்மாவுக்குப் பேசுவேன். தீபாவளிக்கு வருவேன். ஆனா எனக்குள்ள என்ன ஓடுதுன்னு மட்டும் இனிமே கேக்காதேக்கா. யாருகிட்ட சொன்னா யாரு காதுல போயி விழும்னு எனக்குத் தெரியல."

அவள் தலையாட்டினாள். சட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

ஏப்ரலில் அவனை சரவாக் எல்லைக்கு மாற்றினார்கள். அவனாகக் கேட்டு வாங்கிய மாற்றல். கிளம்புவதற்கு முந்தினநாள்தான் வீட்டுக்குப் போன் செய்தான். காளியம்மா வெகுநேரம் பேசினாள். அங்கே கொசு அதிகமா, சோறு கிடைக்குமா, பக்கத்தில் கோயில் இருக்குமா என்று கேட்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அங்க ஒண்ணும் பயமில்லையேப்பா?" என்றாள்.

"இல்லம்மா," என்றான் யுகேந்திரன்.

சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். நல்லா இருக்கேன் என்றான்.